ஒலிபெருக்கியும் வர்த்தமானியும்: அந்த 51 நாட்களில் மன்னார் கட்சிகளை எடைபோட்ட விதம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்டோபர் கடைசி வாரம் வந்தால் எங்கள் வீடுகளில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகும். 1990ஆம் ஆண்டின் அந்த வாரம். விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வடக்கில் வாழ்ந்த சுமார் 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள், யாழ்ப்பாணத்தில் சில மணித்தியாலங்களுக்குள், ஊரை விட்டுப் போனார்கள். எங்கள் தீவு மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் இறங்கினார்கள். அப்போது கைக்குழந்தைகளாக இருந்த நாங்கள் இன்று ஆசிரியர்களாகவும் தாய் தகப்பன்மாராகவும் இருக்கிறோம். 2025 ஒக்டோபருடன் 35 வருடங்கள் நிறைந்தன.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராகப் பதவியேற்க வைத்தார். இரண்டு பிரதமர்கள், இரண்டு அமைச்சரவைகள். 51 நாட்கள் நாடு அப்படியே நின்றது.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனால் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது. "சேர், இப்ப நாட்டுக்கு யார் பிரதமர்?" குடியியல் பாடத்தில் நாங்களே அச்சொட்டாகப் படிப்பித்த விடயம். அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் மக்கள் எந்தக் கட்சியை எப்படிப் பார்த்தார்கள், ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தோம். கொழும்புப் பத்திரிகைகள் அந்த 51 நாட்களையும் ரணிலின் கதையாகவும் மஹிந்தவின் கதையாகவும்தான் எழுதின. மன்னாரில் அது வேறு கதை.

முதலில் நடந்ததைத் திகதிப்படி சொல்லிவிடுகிறோம். இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது.

ஒக்டோபர் 27ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். 225 பேர் கொண்ட சபையில் 113 பேர் யார் பக்கம் என்று எண்ணிப் பார்த்திருந்தால் பிரச்சினை ஒரே நாளில் முடிந்திருக்கும். எண்ண விடவில்லை. நவம்பர் 9, அதுவும் வெள்ளிக்கிழமை, இரவோடு இரவாக வர்த்தமானி வந்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, ஜனவரி 5ஆம் திகதி தேர்தல் என்றது. நவம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த நாளே சபை கூடி, மஹிந்தவின் அரசாங்கத்துக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றியது. 122 பேர் கையொப்பம் வைத்தார்கள். ஜனாதிபதி ஏற்கவில்லை.

நவம்பர் 16, மீண்டும் வெள்ளிக்கிழமை. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்புடன் சபைக்குள் வந்தார். மிளகாய்த்தூள் கரைசல் வீசப்பட்டது, கதிரைகள் பறந்தன. அன்று அதிகாலைதான் கஜா புயல் எங்களுக்கு எதிர்க்கரையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்திருந்தது. கடலுக்குப் போகாத தொழிலாளிகள் ஜும்ஆ முடிந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். "புயல் வேதாரண்யத்துக்குப் போகேல்ல, பாராளுமன்றத்துக்குப் போயிருக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை.

டிசம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், மஹிந்த பிரதமராகச் செயற்பட இடைக்காலத் தடை விதித்தது. 12ஆம் திகதி ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளுடன் நிறைவேறியது. 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். நான்கரை வருடம் முடியுமுன் பாராளுமன்றத்தைக் கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சபையே கேட்க வேண்டும், ஜனாதிபதி தானாகக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். 15ஆம் திகதி மஹிந்த பதவி விலகினார். 16ஆம் திகதி ரணில் மீண்டும் பதவியேற்றார்.

இந்த நாட்களில் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எப்படி அறிவது?

ரணில் பதவியேற்று ஒரு கிழமை ஆகுமுன், டிசம்பர் 22ஆம் திகதி, அமெரிக்காவிலும் ஒரு இழுபறி தொடங்கியது. எல்லைச் சுவருக்கான பணத்தில் ஜனாதிபதி ட்ரம்பும் காங்கிரஸ் சபையும் முட்டிக்கொண்டதால் அரச திணைக்களங்களில் ஒரு பகுதி 35 நாட்கள் மூடப்பட்டது. சுமார் எட்டு லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அங்கே யார் மீது பிழை என்று மக்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜனவரி நடுப்பகுதியில் ஏபிசி தொலைக்காட்சியும் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் எடுத்த கணிப்பில் 53 வீதமானோர் ட்ரம்பையும் அவரது கட்சியையும் குற்றம் சொன்னார்கள். 29 வீதமானோர் எதிர்த்தரப்பைச் சொன்னார்கள். அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் அரசியல்வாதிகள் முன்னேறுவதா பின்வாங்குவதா என்று கணக்குப் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதவை அப்படி யாரும் தட்டவில்லை. தலைமன்னாரிலோ சிலாவத்துறையிலோ ஒருவர் கொப்பியும் பேனையுமாக வந்து "நீங்கள் எந்தக் கட்சியில் பிழை காண்கிறீர்கள்?" என்று கேட்டதை நாங்கள் காணவில்லை. எங்களிடம் இருப்பது இரண்டு சாட்சிகள். ஒன்று, முன்னும் பின்னும் நடந்த தேர்தல்களில் போட்ட வாக்கு. மற்றது, பள்ளிவாசல் திண்ணையிலும் கொழும்பு ரயிலிலும் ஆசிரியர் அறையிலும் காதால் கேட்ட பேச்சு. இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

வாக்கைப் பார்ப்போம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டம் 2015 ஜனவரியில் மைத்திரிபாலவுக்கு 78 வீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. அதே வருடம் ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் ஆறு ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு நான்கு. ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் ரிஷாட் பதியுதீன் ஒருவர். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பில் காதர் மஸ்தான் ஒருவர். ஆக, 2018இல் கதிரையை மாற்றிய ஜனாதிபதி எங்கள் வாக்கால் வந்தவர்தான். அதனால்தான் கோபம் கூடுதலாக இருந்தது.

ஆனால் அந்தக் கோபம் ஒக்டோபர் 26ஆம் திகதி தொடங்கியது அல்ல. முசலி மக்களைக் கேட்டால் 2017 மார்ச் 24 என்பார்கள். அன்று ஜனாதிபதி ரஷ்யாவில் இருந்துகொண்டே ஒரு வர்த்தமானியில் கையொப்பம் வைத்தார். சுமார் 40,000 ஹெக்டேயர் காணி மாவில்லு பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக்கணக்கில் வீதியோரம் பந்தல் போட்டு இருந்தார்கள். 1990இல் ஒலிபெருக்கியால் வெளியே போன மக்கள், திரும்பி வந்து பற்றை வெட்டி வீடு கட்டும்போது வர்த்தமானி வந்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இதனால்தான் சொல்கிறோம். கொழும்பில் படித்தவர்கள் 19ஆவது திருத்தம், 70ஆவது உறுப்புரை என்று சட்டம் பேசினார்கள். எங்கள் ஊரில் அந்த இலக்கங்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் இரவில் வரும் வர்த்தமானி என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "எங்களைக் கேக்காம எடுத்த முடிவு" என்ற ஒரு வசனத்தில் மக்கள் விளங்கிக்கொண்டார்கள். அந்த 51 நாட்களிலும் ஒவ்வொரு கட்சியையும் இந்தத் தராசில்தான் எங்கள் மக்கள் நிறுத்தார்கள். கேட்காமல் எடுத்த முடிவுக்கு இது தலையாட்டுமா, ஆட்டாதா?

தராசில் முதலில் ஏறியது எங்கள் சொந்தக் கட்சிகள். உள்ளதைச் சொன்னால், அவற்றில் நம்பிக்கை இருக்கவில்லை. வரலாறு அப்படி.

2001 ஜூனில் சந்திரிகா அம்மையார் ரவூப் ஹக்கீமை அமைச்சுப் பதவியிலிருந்து நீக்க, முஸ்லிம் காங்கிரஸ் அரசை விட்டு வெளியேறியது. அரசு பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. ஒக்டோபரில் கலைக்கப்பட்டது. 2018இல் பார்த்த படத்தின் முதல் பாகம் அது. 2003 நவம்பரில் ரணில் வோஷிங்டனில் இருக்கும்போது சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்தார். அடுத்த பெப்ரவரியில் சபை கலைந்தது. அதுதான் இரண்டாம் பாகம். இரண்டு தடவையும் எங்கள் மக்கள் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்தார்கள். கொத்தணி வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். 2004 தேர்தலுக்குப் பின்னர் ரிஷாட் பதியுதீன் முஸ்லிம் காங்கிரஸிலிருந்து பிரிந்து ஆளும் தரப்புக்குப் போனார். 2007இல் மீள்குடியேற்ற அமைச்சரானார். அன்று மக்கள் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. கூரைத் தகடும் குழாய்க் கிணறும் அமைச்சு வழியாகத்தானே வரும் என்று நினைத்தார்கள். அகதிக்கு எதிர்க்கட்சி அரசியல் செய்ய வசதி இல்லை.

2010 செப்டெம்பரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 18ஆவது திருத்தம் வந்தது. முஸ்லிம் காங்கிரஸ் அதற்கும் வாக்களித்தது. பிறகு 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது. அந்த வருட டிசம்பரில் மக்கள் காங்கிரஸும் அதன் பின்னால் முஸ்லிம் காங்கிரஸும் மைத்திரி பக்கம் வந்தன. அது தலைவர்கள் மக்களைக் கூட்டிப் போன பயணம் அல்ல. மக்கள் முன்னால் போனார்கள், தலைவர்கள் பின்னால் வந்தார்கள். எங்கள் ஊரில் இதை மறுப்பவர் இல்லை.

இந்த வரலாறு தெரிந்தபடியால், ஒக்டோபர் 26 இரவே பந்தயம் தொடங்கிவிட்டது. எப்போது பாய்வார்கள்? யார் முதலில்? என்ன அமைச்சு? முதல் கிழமையிலேயே டக்ளஸ் தேவானந்தா அமைச்சரானார். மலையகத்தில் ஆறுமுகன் தொண்டமான் அமைச்சரானார். கூட்டமைப்பிலிருந்தே மட்டக்களப்பு உறுப்பினர் வியாழேந்திரன் பாய்ந்து பிரதி அமைச்சரானார். எங்கள் தலைவர்களும் போவார்கள் என்றே பெரும்பாலானோர் நினைத்தோம்.

போகவில்லை. இரண்டு காங்கிரஸும் நின்ற இடத்தில் நின்றன. பாராளுமன்றக் கலைப்புக்கு எதிராக நீதிமன்றத்துக்கும் போயின. எங்கள் ஊரில் ரிஷாடைப் பிடிக்காதவர்கள் ஏராளம், ஹக்கீமைத் திட்டாத நாள் கிடையாது. அப்படியானவர்கள்கூட அந்த நவம்பரில் "இந்த முறை ஆம்பிளையா நிண்டுட்டாங்கள்" என்று சொன்னதை எங்கள் காதால் கேட்டோம்.

ஐக்கிய தேசியக் கட்சிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அது நியாயமும்கூட. அந்த வருடம் மார்ச்சில் திகன எரிந்தபோது ஆட்சியில் இருந்தவர்கள் அவர்கள்தான். அவசரகாலச் சட்டம் போட்டும் கடைகள் எரிந்தன. மாவில்லு வர்த்தமானி வந்தபோதும் பிரதமர் ரணில்தான். ஆகவே "ரணிலுக்காக இல்ல" என்று தொடங்கித்தான் எல்லாரும் பேசினார்கள். வீட்டுக்காரன் நல்லவனா கெட்டவனா என்பது வேறு, இரவில் பூட்டை உடைத்து அவனை வெளியே போடுவது வேறு. இந்த வித்தியாசத்தை எங்கள் சனம் நன்றாகவே விளங்கி வைத்திருந்தது.

மஹிந்த பக்கத்தில் பேசியவர்களும் ஊரில் இருந்தார்கள். அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. "2009க்குப் பிறகுதானே ஊருக்கு வந்தோம், அதை யார் செய்தது?" என்றார்கள். அது உண்மையான கேள்வி. இன்னொன்றும் கேட்டார்கள். பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் மொட்டுக் கட்சி நாடு முழுவதிலும் 40 வீதத்துக்கு மேல் எடுத்ததே, மக்களிடம் போவோம் என்று சொல்வதில் என்ன பிழை, தேர்தல் ஜனநாயகம்தானே என்றார்கள்.

இந்தக் கேள்வி வகுப்பிலும் வந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரம் என்பதால் அதையே உதாரணமாகச் சொன்னோம். மண்டபத்தில் பிள்ளைகள் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாதி நேரத்தில் ஒருவர் வந்து விடைத்தாளைப் பறித்து, "இது சரிவராது, அடுத்த மாதம் புதுப் பரீட்சை வைப்போம்" என்கிறார். புதுப் பரீட்சையும் பரீட்சைதான். ஆனால் பறித்தது நியாயமா? 113 பேரைக் காட்ட முடியாமல் போன பிறகு வந்த தேர்தல் அறிவிப்பு அது. பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பில் பெயர் பதிய 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் பிறகும் எங்கள் உறவுகள் பலர் புத்தளத்தில் படுத்தெழும்பி, மன்னாருக்கு வந்துதான் வாக்குப் போட வேண்டும். ஒவ்வொரு தேர்தலும் அவர்களுக்கு பஸ் கூலி, ஒரு நாள் சம்பளம், வழியில் பயம். அப்படி வந்து போட்ட வாக்கை ஒரு கையொப்பத்தால் அழிக்கலாம் என்றால், அந்தப் பயணத்துக்கு என்ன பெறுமதி? "நான் வந்து போட்டது சும்மாவா?" என்று ஒரு உம்மா கேட்ட கேள்விக்கு எந்த அரசியலமைப்பு நிபுணரும் சமமில்லை.

பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களுக்கு அந்த நாட்களில் வேறு ஒரு கவலை இருந்தது. மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டட வளவில் அந்த வருடம் மே மாதம் தொடங்கிய மனிதப் புதைகுழி அகழ்வு நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் கதிரைச் சண்டை நடக்கும்போது இங்கே எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. அவை பல நூற்றாண்டு பழையவை என்ற காபன் பரிசோதனை முடிவு அடுத்த வருடம்தான் வந்தது. அன்று பஸ்ஸில் போகும் ஒவ்வொரு தாயும் அந்தத் தகர வேலியைப் பார்த்து, என் பிள்ளையும் இதற்குள் இருப்பானோ என்று நினைத்தாள். அப்படியானவரிடம் போய் யார் பிரதமர் என்று கேட்டால் என்ன சொல்வார்?

கூட்டமைப்பு மீது அவர்களுக்குக் கடுமையான விமர்சனம் இருந்தது. காணி விடவில்லை, காணாமல் ஆக்கப்பட்டோருக்குப் பதில் இல்லை, அப்படியிருக்க நிபந்தனை வைக்காமல் ரணிலைக் காப்பாற்றுவது ஏன் என்று கேட்டார்கள். எங்கள் "ரணிலுக்காக இல்ல" என்ற பேச்சுக்கும் அவர்கள் பேச்சுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. ஆனாலும் கலைப்புக்கு எதிராகச் சம்பந்தன் ஐயா நீதிமன்றம் போனபோது அவர்கள் அதைப் பிழை என்று சொல்லவில்லை. டிசம்பர் 13ஆம் திகதித் தீர்ப்பு இன்றும் சட்டப் புத்தகங்களில் சம்பந்தன் பெயரிலேயே இருக்கிறது. ஐக்கிய தேசியக் கட்சி, ஜேவிபி, மனோ கணேசன், இரண்டு முஸ்லிம் கட்சிகள் என்று எல்லாரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் மனம் உறுத்துகிறது. 1990க்குப் பிறகு தமிழ்க் கட்சியும் முஸ்லிம் கட்சிகளும் ஒரே விடயத்துக்காக ஒரே நேரத்தில் ஒரே நீதிமன்றத்தில் நின்றது எத்தனை தடவை? கொழும்பில் நின்றார்கள். மன்னாரில் நாங்கள் அதை ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை. பேசாலைக்காரரும் தாராபுரத்துக்காரரும் ஒரே மேசையில் இருந்து "உங்களுக்கும் கேக்காம எடுத்த முடிவு, எங்களுக்கும் கேக்காம எடுத்த முடிவு" என்று சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கியின் கதையையும் அந்த மேசையில் திறந்து பேசியிருக்கலாம். 51 நாட்கள் கிடைத்தன. விட்டுவிட்டோம்.

அந்த 51 நாட்களுக்கு நாங்கள் கொடுத்த விலையும் சிறியதல்ல. நவம்பர் 5ஆம் திகதி வரவேண்டிய வரவு செலவுத் திட்டம் வரவில்லை. மூடீஸ், பிட்ச், எஸ் அண்ட் பி மூன்று நிறுவனங்களும் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. ரூபா விழுந்தது. நவம்பர் கடைசியில் பிரதமர் அலுவலகத்துக்கும் அமைச்சர்களுக்கும் பணம் செலவழிப்பதைச் சபையே நிறுத்தியது. அது பெரும்போக காலம். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் விதைத்தவர்கள் எந்த அமைச்சரிடம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். டிசம்பர் 21ஆம் திகதி நான்கு மாதத்துக்கான இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேறிய பிறகுதான் அடுத்த வருடத்துக்கு ஒரு வழி பிறந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் எல்லாரும் பதவி விலகினார்கள். நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் அன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த எங்கள் மக்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் கல்லெறிந்து துப்பாக்கிச் சூடும் நடத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. அந்த பஸ்கள் திரும்பிப் போகவில்லை. மன்னாருக்கு வந்தார்கள், வாக்குப் போட்டார்கள். வன்னியில் சஜித் பிரேமதாசவுக்கு 82 வீதம் விழுந்தது. 51 நாட்கள் பற்றி எங்கள் மாவட்டத்தின் கருத்துக்கணிப்பு எது என்று கேட்டால், அதில் ஒரு பங்கு இந்த 82இல் இருக்கிறது என்போம்.

ஆனால் தராசு ஒரு வருடத்தில் துருப்பிடித்தது. 2020 ஒக்டோபர் 22. கவனியுங்கள், மீண்டும் ஒக்டோபர் கடைசிப் பக்கம். 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. பாராளுமன்றத்தை இரண்டரை வருடத்தில் ஜனாதிபதி கலைக்கலாம் என்று அதிகாரம் திரும்பப் போனது. 2018இல் எதைத் தடுக்க நீதிமன்றம் போனோமோ, அதையே சட்டமாக்கிக் கொடுத்தார்கள். எதிர்க்கட்சி ஆசனங்களிலிருந்து கை உயர்த்திய எட்டுப் பேரில் ஆறு பேர் முஸ்லிம் உறுப்பினர்கள். தலைவர்கள் எதிர்த்தார்கள், உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். அந்த நேரம் எங்கள் ஜனாஸாக்கள் ஒரு வர்த்தமானியின்படி எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அடக்கம் செய்ய அனுமதி எடுக்கத்தான் வாக்களித்தோம் என்று பிறகு விளக்கம் வந்தது. அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் கிடைத்தது.

அப்போது நாங்கள் என்ன செய்தோம்? 2018இல் "ஆம்பிளையா நிண்டுட்டாங்கள்" என்று பாராட்டிய அதே திண்ணையில், 2020இல் "அவங்களும் என்ன செய்யிற" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனோம். பிழை உறுப்பினர்களிடம் மட்டும் இல்லை. கதிரை நடுங்கும்போது கட்சியை எடைபோடுகிறோம். நடுக்கம் நின்றதும் தராசை மடித்து வைத்துவிடுகிறோம்.

2024 நவம்பர் தேர்தல் முடிவை அந்தக் கண்ணால் பாருங்கள். வன்னியின் ஆறு ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்குப் போயின. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. மக்கள் குழம்பிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் முழுப் பத்திரம் எழுதிக் கொடுக்க மாட்டோம் என்று மக்கள் சொன்னதாகவே எடுக்கிறோம்.

2025 ஓகஸ்டில் தீவுக்குள் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் மக்கள் கூடியதைப் பார்த்தோம். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே வீதியில் நின்றன. "எங்களைக் கேட்காமல் செய்யாதே" என்பதுதான் அங்கேயும் பேச்சு. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் 2018இல் நாங்கள் தவறவிட்ட மேசை அங்கே போடப்பட்டிருந்தது.

அந்தப் பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு இப்போது வாக்கு இருக்கிறது. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறோம். மகன், பிரதமர் யார் என்பதை 113 பேர் சொல்ல வேண்டும். அந்த 113 பேர் யார் என்பதை நீ சொல்ல வேண்டும். நீ சொன்னதை இரவில் ஒருவர் மாற்றினால், அவர் உனக்குப் பிடித்த தலைவராக இருந்தாலும், அது பிழை. அந்தப் பிழைக்கு உன் கட்சி தலையாட்டினால், அடுத்த தேர்தல் வரை அதை மறக்காதே.

பிள்ளைகளிடம் இதைக் கதையுங்கள். 1990இன் கதையைச் சொல்லும்போது 2018இன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பாடம்தான்.

வல்ல ரஹ்மான் எங்கள் ஊரையும் எங்கள் அயலவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.